எந்தத் திரையின் சிவப்பு?

ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். அன்று தொடங்கி மார்கழி வரை ஆர்டர்கள் வந்துகொண்டே இருக்கும். நகைக்கடை, ஜவுளிக்கடை, அரிசி மண்டி, கூட்டுறவுச் சங்கம் என்று ஒவ்வொருவரும் தங்கள் பெயரைத் தங்கள் நிறத்தில் போட்டுக் கேட்பார்கள். அந்த வடிவமைப்புகளில் பல வெளியூரிலிருந்து கோப்பாக வந்து சேர்கின்றன. சென்னையிலோ கோவையிலோ ஒரு டிசைனர் தன் திரையைப் பார்த்து நிறம் அமைக்கிறார். வாடிக்கையாளர் செல்பேசியில் பார்த்து ஓ.கே. சொல்கிறார். அச்சகத்தில் பிளேட் போடுபவர் வேறொரு மானிட்டரில் அதைத் திறக்கிறார். கடைசியில் தாள் அச்சாகி வரும்போது, கடைப் பெயருக்குப் பின்னால் இருக்க வேண்டிய அரக்குச் சிவப்பு, செங்கல் நிறமாக நிற்கிறது.

பிறகு பஞ்சாயத்து. "என் கம்ப்யூட்டரில் சரியாகத்தானே இருந்தது" என்று டிசைனர் சொல்வார். வாடிக்கையாளரும் அதையே சொல்வார். அச்சகத்துக்காரரும், தன் திரையில் தெரிந்ததுதான் தாளில் வந்திருக்கிறது என்பார். மூவரும் உண்மையே பேசுகிறார்கள் என்பதுதான் இதில் வருத்தமான விஷயம். மறு அச்சுச் செலவு மட்டும், பேரம் பேச முடியாத யாராவது ஒருவர் தலையில் விழும். பெரும்பாலும் தனியாக வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இளம் டிசைனர் தலையில்.

நிறம் அவரவர் பார்வையைப் பொறுத்தது என்று சொல்லி இந்தச் சண்டையைக் கைகழுவிவிடுவது எளிது. ஆனால் நிறத்தை அளக்க முடியும். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாக அளந்துகொண்டிருக்கிறார்கள். நம் மேசையில் இருக்கும் மானிட்டரையும் அளந்து, அதை ஒரு பொது ஒழுங்குக்குக் கொண்டுவர முடியும். அதற்குத்தான் அளவுத்திருத்தம் என்று பெயர். டிசைனர்கள் கேலிப்ரேஷன் என்பார்கள்.

கோப்புக்குள் அரக்குச் சிவப்பு என்று எங்கும் எழுதியிருப்பதில்லை. மூன்று எண்கள் இருக்கின்றன. சிவப்பு 128, பச்சை 20, நீலம் 35 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகலாம் என்பதால் மொத்தம் 1,67,77,216 சேர்க்கைகள் கிடைக்கின்றன. இந்த எண்கள் மானிட்டருக்கு இடும் கட்டளை இதுதான்: உன்னிடம் இருக்கும் சிவப்பை இவ்வளவு திற, உன்னிடம் இருக்கும் பச்சையை இவ்வளவு திற, நீலத்தை இவ்வளவு திற. வில்லங்கமெல்லாம் அந்த 'உன்னிடம் இருக்கும்' என்ற இடத்தில் இருக்கிறது. ஒரு மானிட்டரிடம் இருக்கும் சிவப்பு இன்னொன்றிடம் இருப்பதில்லை.

எல்சிடி திரையின் பின்னால் ஒரு வெள்ளை விளக்கு எரிகிறது. திரவப் படிகங்கள் அந்த ஒளியைத் தடுத்தும் விட்டும் கொடுக்க, முன்னால் இருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் அதற்கு நிறம் ஏற்றுகின்றன. பழைய மானிட்டர்களில் அந்த விளக்கு மெல்லிய டியூப்லைட். பிறகு வந்தது வெள்ளை எல்இடி. உண்மையில் அது மஞ்சள் பாஸ்பர் பூசிய நீல எல்இடி. நிற வீச்சு அதிகம் என்று சொல்லி விற்கப்படும் திரைகளில் சிவப்புக்கும் பச்சைக்கும் தனித்தனி பாஸ்பர் இருக்கும், அல்லது குவாண்டம் புள்ளிகள் இருக்கும். ஓஎல்இடியில் பின்னால் விளக்கே கிடையாது; ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. இவை ஒவ்வொன்றின் சிவப்பும் வேறு வேறு. ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலில் இரண்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும், ஒன்று சற்று மஞ்சளாக, மற்றொன்று சற்று நீலமாகத் தெரிவது சாதாரணம். கடையில் கண்ணைக் கவர வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தைக் கூட்டி, வெண்மையை நீலப் பக்கமாகத் தள்ளி அனுப்புவதும் உண்டு. பயன்படுத்தப் பயன்படுத்தப் பின்விளக்கு மங்கும். அதன் வெண்மையும் மெல்ல மாறும். தினமும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த மாற்றம் தெரியவே தெரியாது.

தெரியாமல் போவதற்குக் காரணம் நம் கண். நிறம் பார்க்க விழித்திரையில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருக்கின்றன. நீண்ட அலைநீளத்துக்கு ஒரு வகை, நடுத்தரத்துக்கு ஒரு வகை, குறுகியதற்கு ஒரு வகை. வெளியே எத்தனை சிக்கலான ஒளிக்கலவை இருந்தாலும் மூளைக்குப் போய்ச் சேர்வது இந்த மூன்று வகைச் செல்களின் துலங்கல் மட்டும்தான். எலுமிச்சம்பழத்திலிருந்து வரும் ஒளியில் பச்சையிலிருந்து சிவப்பு வரை எல்லா அலைநீளங்களும் கலந்திருக்கின்றன. திரையில் தெரியும் எலுமிச்சையின் மஞ்சளோ பெரும்பாலும் சிவப்பையும் பச்சையையும் சேர்த்து உண்டாக்கியது. கலவை வேறு, ஆனால் மூன்று செல்களின் கணக்கும் ஒன்றாக வந்துவிட்டால் கண் இரண்டையும் ஒரே மஞ்சள் என்று ஏற்றுக்கொள்கிறது. தொலைக்காட்சி, செல்பேசி, சினிமா, அச்சு எல்லாமே கண்ணின் இந்த ஏமாளித்தனத்தின் மேல் கட்டப்பட்டவை.

அந்த மூன்று செல்களின் கணக்கை யார் எடுத்தார்கள்? 1920களில் இங்கிலாந்தில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல், ஒரே சோதனையைச் செய்தார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் ரைட். டெடிங்டனில் இருந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜான் கில்ட். சிறிய வட்டம் ஒன்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஒரே அலைநீளமுள்ள ஒளியைக் காட்டுவார்கள். மறு பாதியில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டிக் குறைத்து, இரண்டு பாதியும் ஒன்றாகத் தெரியும் வரை பார்வையாளர் திருகுகளைத் திருக வேண்டும். அலைநீளம் அலைநீளமாக, மணிக்கணக்கில், இருட்டறையில் உட்கார்ந்து செய்யும் வேலை. ரைட்டிடம் பத்துப் பேர் உட்கார்ந்தார்கள். கில்டிடம் ஏழு பேர். இருவரும் பயன்படுத்திய அடிப்படை ஒளிகள் வேறு, கருவிகள் வேறு. ஆனால் ஒருவர் எண்களை மற்றவர் அளவுக்கு மாற்றிப் பார்த்தபோது இரண்டும் நன்றாகப் பொருந்தி வந்தன. அந்தப் பொருத்தத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. 1931-இல் கேம்பிரிட்ஜில் கூடிய சர்வதேச ஒளியூட்டல் ஆணையம், அந்த 17 பேரின் கண்களைச் சராசரியாக்கி 'நிலையான பார்வையாளர்' என்று ஒருவரை வகுத்தது. சுருக்கமாக சிஐஇ 1931. மானிட்டரில் ஒட்டவைக்கும் அளவீட்டுக் கருவிகள் இன்றும் அந்தக் கற்பனைப் பார்வையாளரின் கண்ணால்தான் பார்க்கின்றன. முன்பின் தெரியாத அந்தப் பதினேழு பேருக்கு வடிவமைப்பு உலகம் பட்டிருக்கும் கடன் பெரியது.

நம் சொந்தக் கண்ணை வைத்தே மானிட்டரைச் சரிசெய்துவிட முடியாதா? முடியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு நிறங்களை ஒப்பிடுவதில் கண் மகா கெட்டிக்காரன். தனியாக ஒன்றைக் காட்டி அது என்ன அளவு என்று கேட்டால் தடுமாறிவிடும். டியூப்லைட்டின் கீழ் வெள்ளையாகத் தெரிந்த தாள், மஞ்சள் குண்டு பல்பின் கீழும் வெள்ளையாகவே தெரிகிறது. மூளை சூழலின் ஒளிக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. நீலம் ஏறிய மானிட்டரின் முன் சில நிமிடங்கள் உட்கார்ந்தால் அந்த நீலமே வெள்ளையாகிவிடும். அதற்குப் பிறகு நாம் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் அந்தத் தவறான வெள்ளையின் மேல்தான் நிற்கும்.

இது போதாதென்று பக்கத்து நிறம் வேறு கண்ணைக் கெடுக்கும். 1824-இல் பாரிஸின் கோப்லான் திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார் மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூலுக்குச் சாயம் சரியாக ஏறவில்லை என்று அங்கே புகார். ஷெவ்ரல் மற்ற இடங்களின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டுச் சோதித்தார். சாயத்தில் குறையே இல்லை. நீலம், ஊதா நூல்களுக்கு அருகில் வைத்து நெய்யும்போதுதான் கறுப்பு வெளுத்துத் தெரிந்தது. அந்த ஒரு புகாரைப் பின்தொடர்ந்து போய், அருகருகே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக்காட்டுகின்றன என்று 1839-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். நிறத் திருத்தம் செய்பவர்களின் அறைச் சுவரும் மென்பொருளின் பின்னணியும் நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பச்சை டிஸ்டம்பர் அடித்த சுவருக்கு முன்னால், பூப்போட்ட வால்பேப்பர் வைத்த திரையில் உட்கார்ந்து மனிதத் தோலின் நிறத்தைச் சரிசெய்பவர் தனக்கே குழி வெட்டிக்கொள்கிறார்.

அளவுத்திருத்தம் என்றால் மானிட்டரை நமக்குத் தெரிந்த ஒரு நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துவது. அதில் முக்கியமாக மூன்று விஷயங்கள்: வெண்மை, வெளிச்சம், காமா.

வெண்மை எந்த வெண்மை என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இணையத்துக்கும் வீடியோவுக்கும் டி65, அதாவது சுமார் 6500 கெல்வின் பகலொளி. எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்மொழிந்து, 1999-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி இதைத்தான் பயன்படுத்துகிறது. அச்சுத் துறையின் தரம் வேறு. ஐஎஸ்ஓ 3664, அச்சுத் தாளை 5000 கெல்வின் கொண்ட டி50 ஒளியில் பார்க்கச் சொல்கிறது. நம்மூர்க் கடைகளில் விற்கும் டியூப்லைட்டுகளில் மிகப் பெரும்பாலானவை 6500 கெல்வின் 'கூல் டேலைட்'. அச்சகத்திலும் அதுதான், வாடிக்கையாளர் கடையிலும் அதுதான். ஆகவே திரையை டி50-இல் நிறுத்திவிட்டு, ப்ரூஃபை 6500 கெல்வின் விளக்கில் பார்த்தால் இரண்டும் என்றைக்கும் பொருந்தாது. ப்ரூஃப் பார்க்கும் மேசைக்கு மேல் தரமான 5000 கெல்வின் விளக்கு ஒன்று போட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், எந்த விளக்கில் பார்க்கிறோமோ அதற்கு ஏற்பத் திரையின் வெண்மையை அமைப்பது மேல்.

இப்போது வெளிச்சம். என் அனுபவத்தில், 'அச்சு இருட்டாக வந்திருக்கிறது' என்ற புகார்களில் பாதிக்கு மேல் அச்சகத்தின் தவறே இல்லை. டிசைனரின் திரைதான் அளவுக்கு மீறி எரிந்துகொண்டிருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறையில் விழும் ஒளியைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். 500 லக்ஸ் ஒளி விழும் மேசையில், 85 சதவீத ஒளியைத் திருப்பும் வெள்ளைத் தாளின் ஒளிர்வு, 500-ஐ 0.85-ஆல் பெருக்கி 3.14-ஆல் வகுத்தால் கிடைக்கும்: சதுர மீட்டருக்குச் சுமார் 135 கேண்டெலா. 300 லக்ஸ் மட்டுமே உள்ள அறையில் அது 81. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து இயக்கிய மானிட்டர் 250, 300 கேண்டெலாவில் எரியும். அந்த வெளிச்சத்தில் கண்ணுக்கு இதமாக இருக்கும் வரை படத்தை இருட்டாக்கிச் சேமிக்கிறார் டிசைனர். அந்தக் கூடுதல் வெளிச்சம் தாளில் இல்லாததால் முகங்கள் கறுத்து, நிழற்பகுதியில் இருந்த புடவை மடிப்பெல்லாம் ஒரே கட்டியாகிவிடுகிறது. அச்சு வேலைக்குத் திரையை 100 முதல் 120 கேண்டெலா வரை இறக்கி வைப்பதுதான் முறை. முதல் இரண்டு நாள் திரை மங்கிப் போனது போல இருக்கும், கண் பழகிக்கொள்ளும். கருவி வாங்கப் பணம் இல்லாதவர்கூட இன்றே செய்துகொள்ளக்கூடிய திருத்தம் இது. வெள்ளைத் தாளை மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் வெற்றுப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஏறத்தாழ ஒரே வெளிச்சமாகும் வரை குறைத்தால் போதும். பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது கண்ணுக்குக் கைவந்த கலை என்று சொன்னேனே, அதை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது காமா, அதாவது கொடுக்கும் எண்ணுக்கும் திரை தரும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவு. 255-இல் பாதி 128. அந்த எண்ணைக் கொடுத்தால் திரை பாதி வெளிச்சம் தருவதில்லை, காமா 2.2 என்றால் சுமார் 22 சதவீதம்தான் தரும். பழைய படக்குழாய்த் திரைகளின் மின்னணுத் துப்பாக்கி இயல்பாகவே அப்படி நடந்துகொண்டது. இருண்ட சாயல்களில் நம் கண் நுட்பமாக வேறுபாடு காண்பதால், எண்களில் பெரும்பகுதியை அந்தப் பக்கம் ஒதுக்கிய அந்தப் பழக்கம் நமக்கு நன்மையாகவே அமைந்தது. குழாய் போன பிறகும் காமா நிலைத்துவிட்டது. ஆப்பிள் கணினிகள் நெடுங்காலம் 1.8 என்ற காமாவை வைத்திருந்தன. அதில் 128 என்ற எண் சுமார் 29 சதவீத வெளிச்சம் தரும். மேக்கில் செய்த படம் விண்டோஸில் இருட்டாகத் தெரிகிறது என்று அந்த நாட்களில் டிசைனர்கள் புலம்பியதற்கு இந்த ஏழு சதவீதம்தான் காரணம். 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்டு பதிப்பில் ஆப்பிளும் 2.2-க்கு மாறியது.

இந்த மூன்றையும் சரியாக வைத்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. மானிட்டரின் சிவப்பு வடிகட்டி எந்தச் சிவப்போ அந்தச் சிவப்புதான். எந்தப் பொத்தானை அழுத்தியும் அதை வேறாக்க முடியாது. அதற்குத்தான் புரொஃபைல். ஒரு கடைக்காரரின் தராசு எப்போதும் 50 கிராம் கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசைத் திருத்த முடியாவிட்டாலும், அந்த 50 கிராமை எழுதி வைத்து ஒவ்வொரு முறையும் கழித்துவிட்டால் எடை நேர்மையாகவே இருக்கும். புரொஃபைல் என்பது மானிட்டரைப் பற்றிய அப்படியொரு குறிப்பு. இந்த எண்ணைக் கொடுத்தால் இந்தத் திரை சிஐஇ அளவில் இந்த நிறத்தைக் காட்டுகிறது என்று அளந்து எழுதிய கோப்பு. அடோபி, ஆப்பிள், கோடக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் 1993-இல் சேர்ந்து உருவாக்கிய சர்வதேச நிறக் கூட்டமைப்பு அதன் வடிவத்தை வகுத்தது. ஐசிசி புரொஃபைல் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

போட்டோஷாப் போன்ற மென்பொருள் இதை எப்படிப் பயன்படுத்துகிறது? படத்தோடு ஒட்டியிருக்கும் புரொஃபைலைப் பார்த்து, அதன் எண்களை முதலில் எந்தச் சாதனத்துக்கும் சொந்தமில்லாத சிஐஇ அளவுக்கு மாற்றும். அங்கிருந்து உங்கள் மானிட்டரின் புரொஃபைல் வழியாக, இந்தத் திரைக்கு என்ன எண் கொடுத்தால் அதே நிறம் வரும் என்று கண்டுபிடித்து அனுப்பும். ஆகவே சரியாக அமைத்த இரண்டு கணினிகளில் திரைக்குப் போகும் எண்கள் வேறு வேறாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் நிறம் ஒன்றாக இருக்கும். எண்ணை மாற்றாமல் வைத்திருந்தால்தான் நிறம் மாறாது என்று நினைத்து, கோப்பைச் சேமிக்கும்போது புரொஃபைலை நீக்கிவிடுகிறவர்கள் நிறைய. அது முகவரியைக் கிழித்துவிட்டுத் தபாலில் சேர்க்கும் வேலை. சேமிக்கும்போது புரொஃபைலைச் சேர்க்கவா என்று கேட்கும் சிறு பெட்டியில் டிக் போட்டே சேமியுங்கள்.

கருவிகளுக்கு வருவோம். இரண்டு வகை. கலரிமீட்டர் என்பது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வடிகட்டிகள் வழியாக, நிலையான பார்வையாளரின் கண்ணைப் போலவே ஒளியைப் பார்ப்பது. மவுஸ் அளவே இருக்கும். திரையில் தொங்கவிட்டால் மென்பொருள் காட்டும் நிறக்கட்டங்களை ஒவ்வொன்றாக அளக்கும். இதன் விலை நல்ல மானிட்டர் ஒன்றின் விலையைவிடக் குறைவு. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளக்கும். அச்சுத் தாளையும் அளக்கும். விலை பல மடங்கு. கலரிமீட்டருக்கு உங்கள் திரை எந்த வகைப் பின்விளக்கு கொண்டது என்று மென்பொருளில் சொல்ல வேண்டும். டியூப்லைட் காலத்துத் தேர்வை வைத்துக்கொண்டு குவாண்டம் புள்ளித் திரையை அளந்தால், கருவி சொல்லும் வெண்மை கண்ணுக்கு வெண்மையாக இராது. கருவிதான் மோசம் என்று அதை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். தவறு பெரும்பாலும் இந்த ஒரு தேர்வில் இருக்கும்.

ஓஎல்இடியில் சிக்கல் இன்னும் ஆழமானது. பழைய படக்குழாய் மானிட்டரையும் ஓஎல்இடி மானிட்டரையும் ஒரே சிஐஇ எண்ணுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தபோது, ஸ்டுடியோக்களில் இருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை. கருவியில் பிழை இல்லை. நீலப் பக்கத்தில் கண்ணின் உணர்திறனை 1931 அளவு குறைத்தே மதிப்பிட்டிருந்தது. டீன் ஜட் என்ற அமெரிக்க அறிஞர் 1951-லேயே அதற்குத் திருத்தம் சொல்லியிருந்தார். குறுகிய அலைநீளப் பட்டைகளைக் கொண்ட புதிய திரைகளில் அந்தப் பழைய குறை வெளியே தெரிந்தது. ஜட்டின் திருத்தத்தைக் கொண்டு வெண்மையைச் சிறிது நகர்த்தி அமைக்குமாறு சோனி தன் ஸ்டுடியோ மானிட்டர்களுக்குப் பரிந்துரைத்தது. ஒரு தரம் நூறு ஆண்டுகளை நெருங்கும்போது அதன் மேல் இப்படிச் சில தையல்கள் போட வேண்டியிருக்கிறது.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் கிரேம் கில் எழுதிய ஆர்கில் சிஎம்எஸ் இலவசம், திறந்த மூலம். அதன் மேல் எளிய முகப்பாக டிஸ்பிளேகால் இருக்கிறது. கருவியோடு வரும் மென்பொருள் பழைய மாடல்களைக் கைவிட்டுவிட்டாலும், இவை பல பழைய கருவிகளையும் ஏற்றுக்கொள்ளும். அளக்கும் முன் மானிட்டரை அரை மணி நேரமாவது எரியவிடுங்கள். இரவு நேர மஞ்சள் வடிகட்டி, வெளிச்சத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி, 'விவிட்' போன்ற அலங்கார நிலைகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெயில் திரையில் விழக்கூடாது. வெண்மையையும் வெளிச்சத்தையும் முடிந்தவரை மானிட்டரின் சொந்தப் பொத்தான்களாலேயே சரிக்குக் கொண்டுவாருங்கள். மிச்சத்தை மட்டும் கணினியிடம் விடுங்கள். காரணம் உண்டு. நீலத்தை 15 சதவீதம் குறைக்கும் வேலையைக் கணினியின் கிராஃபிக்ஸ் அட்டை செய்தால், 8 பிட் இணைப்பில் நீலத்துக்கு இருந்த 256 படிகளில் சுமார் 217 மட்டுமே மிஞ்சும். அந்திவானம் போல மெல்ல மாறும் நிறத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தோன்றுவது அப்போதுதான். விலை உயர்ந்த மானிட்டர்கள் இந்தத் திருத்தத்தைத் தங்களுக்குள்ளேயே கூடுதல் பிட் நுட்பத்தோடு செய்துகொள்கின்றன. அவற்றின் விலைக்கு முக்கியக் காரணம் அதுதான்.

அளந்து முடிந்ததும் டெல்டா ஈ என்று ஓர் எண் வரும். கேட்ட நிறத்துக்கும் திரை காட்டிய நிறத்துக்கும் உள்ள தூரம் அது. 1 என்பது பழகிய கண்ணுக்கு மட்டும் அரிதாகத் தெரியும் வேறுபாடு. சராசரி 2-க்குள் இருந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம். மாதத்துக்கு ஒரு முறை மறுபடி அளந்தால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் அச்சில் சில நிறங்கள் வராது. திரை ஒளியைக் கூட்டி நிறம் உண்டாக்குகிறது. மை ஒளியை உறிஞ்சி உண்டாக்குகிறது. திரையின் பளிச்சென்ற கிளிப்பச்சையும் சுத்தமான நீலமும் நான்கு மைகளுக்கு எட்டாதவை. அந்த நீலம் தாளில் ஊதா சாயலோடு இறங்கும். மாறாக, அச்சின் அடர்ந்த சயான் சாதாரண எஸ்ஆர்ஜிபி திரைக்கு எட்டாது. மென்பொருளில் சாஃப்ட் ப்ரூஃப் என்றொரு வசதி இருக்கிறது. அச்சகத்தின் புரொஃபைலைக் கொடுத்தால் எந்த நிறம் எங்கே மங்கும் என்று முன்கூட்டியே திரையில் காட்டிவிடும். வாடிக்கையாளரிடம் 'இது இவ்வளவுதான் வரும்' என்று அச்சுக்கு முன்பே சொல்லிவிட அது உதவுகிறது. அளக்காத மானிட்டரில் அதைத் திறந்து பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை. மயில்கழுத்துப் பட்டு போன்ற சங்கதிகளுக்கு எந்த அளவுத்திருத்தமும் கைகொடுக்காது. பாவும் ஊடையும் இரு வேறு நிறத்தில் நெய்யப்பட்டு, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறும் நிறத்தை மூன்று எண்களில் அடைக்க முடியாது. இணையத்தில் புடவை விற்பவர்கள் அதற்கு ஒன்றுக்கு இரண்டு படம் போடுவதுதான் நியாயம்.

செல்பேசியில் பார்த்து ஓ.கே. வாங்கும் வழக்கத்தை நிறம் முக்கியமான வேலைகளில் மட்டுமாவது விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே படமும் சுருக்கப்பட்டிருக்கும். அந்தத் திரை எந்த நிலையில் எரிகிறது என்பதும் யாருக்கும் தெரியாது. அளந்த திரையில் காட்டியோ, அச்சு ப்ரூஃப் கொடுத்தோ, வாடிக்கையாளரின் கையெழுத்தை அதன் மேல் வாங்குங்கள். டிசைனருக்குப் பாதுகாப்பு தருவது அந்தத் தாள்தான்.

ஒரு கலரிமீட்டரை மாதம் ஒரு நாள் பயன்படுத்தினால் போதும் என்பதால், ஆளுக்கு ஒன்று வாங்கத் தேவையில்லை. ஒரு தெருவில் இருக்கும் ஐந்தாறு டிசைன் கடைகள் பணம் போட்டு ஒன்றை வாங்கிச் சுற்றில் விடலாம். அச்சக உரிமையாளர் சங்கங்களும் நுண்கலைக் கல்லூரிகளும் ஆளுக்கொரு கருவி வாங்கி, கேட்கும் இளைஞர்களுக்கு இரவல் கொடுக்கலாம். புதிய மானிட்டர் வாங்க நினைப்பவர்கள், இருக்கும் மானிட்டரை முதலில் அளந்து பாருங்கள். பலருக்குப் புதிது தேவைப்படாது. அச்சகத்தார் தங்கள் இயந்திரத்துக்கும் தாளுக்கும் உரிய புரொஃபைலைத் தயங்காமல் வெளியே கொடுக்க வேண்டும். டிசைனர்களும் வேலையைத் தொடங்கும் முன்பே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.